வெட்டிப் பார்க்காத ஏழு

எண்ணுவதுதான் என் உத்தியோகம்.
காலை எட்டரைக்கு ஒருதரம், பின்னேரம் நாலுக்கு ஒருதரம்.
வேர்முனை இரண்டு மில்லிமீற்றர் வந்தால் முளைத்தது.
ஒன்றரை வந்தால் முளைக்கவில்லை.
அந்த அரைக்காக இரங்கக்கூடாதென்று
படிவத்தின் அடியில் எழுதாத குறை.

தோட்டத்துச் சூரியகாந்தி நூறு.
வரிக்கோடு போட்ட கொழுத்த விதைகள்.
ஈர வடிதாளில் வைத்து மூன்றாம் நாளே
தொண்ணூற்றேழு வெளியே வந்து நின்றன,
பிரார்த்தனைக்கு மணியடித்த பள்ளிக்கூடம் போல.
பதிந்ததில் கை வலித்தது. அவ்வளவுதான் அவற்றைப் பற்றி.

காட்டு விதையும் நூறு.
கடல் தாண்டித் தபாலில் வந்த கடதாசி உறை,
மேலே ஓர் இலக்கம், பெயர் இல்லை.
எள்ளுக்கு அண்ணன்; கறுப்பில் சாம்பல் தெறித்திருக்கும்.
திருநெல்வேலிச் செம்மண்ணில் தவறி விழுந்தால்
மண் தன்னுடையதென்று வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
பத்தாம் நாள் நாலு.
வடிதாள் காயக் காய நீர் விட்டேன்.
கிணற்றுத் தண்ணீர் இல்லை, அதில் சுண்ணாம்பு;
போத்தலில் வரும் ருசியற்ற தண்ணீர்,
குழந்தைக்கு மருந்து விடுவதுபோலத் துளி துளியாய்.
இருபத்தோராம் நாள் பதினொன்று.

"செத்துப் போச்சுது, கொட்டுங்கோ" என்றார் றெஜினோல்ட்,
தட்டுக் கழுவியே சலித்தவர்.
"இடுக்கியால அமத்திப் பாருங்கோ."
அமத்தினார்.
"கல்லு" என்றார், பிறகு பேசவில்லை.

கலாநிதி சுகிர்தா சாயப் பரிசோதனை செய்யச் சொன்னார்.
விதையை நெடுக்காய் இரண்டாகப் பிளந்து
நிறமற்ற மருந்தில் ஊறவிட்டு
இருட்டில் வைத்தால், உயிருள்ள இடம் சிவக்கும்.
நாற்பதைப் பிளந்தேன்.
இரண்டு வெளிறிக் கிடந்தன.
முப்பத்தெட்டு, செவ்வரத்தம்பூவின் உள்ளிதழ்ச் சிவப்பு.
உயிர் இருந்தது என்று உறுதியாய் எழுதினேன்.
எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன்,
வினைச்சொல் இறந்தகாலத்தில் நின்றது.

மிச்சம் நாற்பத்தொன்பது.

அந்த வியாழன் மேசையெல்லாம் எறும்பு.
சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த இதரைப்பழத்தை
முளைப்பு அலுமாரிக்குள் ஒளித்து வைத்தேன்.
மின்சாரம் போய் வந்து போனது.
வெள்ளி போயா. சனி, ஞாயிறு எனக்குத் தடிமன்.
திங்கள் கதவைத் திறந்தால்
பழம் கறுத்து, அலுமாரி முழுக்கக் கள்ளுத்தவறணை வாசம்,
நாற்பத்திரண்டு வேர்கள்
வெள்ளை வெள்ளையாய் வளைந்து கிடந்தன.

பழுக்கும் பழம் விடும் மூச்சில்
விதையின் பூட்டுக்குத் திறப்பு உண்டாம்.
மாங்காய்க்காரர் புகைபோட்டு எழுப்புகிற அதே சங்கதி.
"முறையியலில் என்னவென்று எழுதுவீர்?" என்றார் கலாநிதி.
"இதரைப்பழம் ஒன்று, மிகக் கனிந்தது."
சிரிக்கவில்லை. அடுத்த நாள்
தானே ஒரு சீப்பு வாங்கிவந்தார்.

பிறகு நாற்றுகளை அளந்தேன்.
தோட்டத்துப் பிள்ளை ஏழு சென்ரிமீற்றர், தடித்த வெள்ளைத் தண்டு,
பெருவிரல் நகமளவு விதையிலை இரண்டு;
யன்னல் பக்கம் எட்டிப் பார்க்கப்போய் விழுந்தும் விட்டது.
காட்டுப் பிள்ளை மூன்று.
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் தண்டு,
ஒன்று இன்னும் தலையில் கோதோடு,
தொப்பி கழற்றாத விருந்தாளி.
மண்ணை உதறியபோதுதான் தெரிந்தது,
அதன் வேர்
தட்டின் அடிவரை போய் முட்டித்
திரும்பி வந்துகொண்டிருந்தது.

இன்னும் ஏழு வரவில்லை.
பழத்துக்கும் மசியவில்லை.
படிவத்தில் மூன்றே கட்டம்:
முளைத்தது, கோணல், செத்தது.
ஓரத்து வெள்ளையில், பென்சிலால்,
"இன்று இல்லை" என்று எழுதினேன்.

நேற்று றெஜினோல்ட் எல்லாத் தட்டும் கழுவிக் கவிழ்த்தார்,
அந்த ஒன்றைத் தவிர.
நான் கேட்கவில்லை.
இன்று எட்டரைக்கு வந்து மூடியைத் தூக்கினால்
வடிதாள்
ஏற்கெனவே நனைந்திருக்கிறது.